பணிமனைக்குக் கணிதம் தந்த ஆசான்

நுழையும்முன்

கணக்குப் பாடத்தைப் படிக்கும்போது, இஃது எங்கே பயன்படப் போகிறது என்னும் வினா மாணவர் மனத்தில் எழுவது இயல்பு. அவ்வினாவை ஒதுக்கிவிடாமல், அதற்கு விடை கூறுவதையே தம் வாழ்நாட்பணியாகக் கொண்டார் ஒருவர். கற்பனை எண் என்று பெயர்பெற்ற ஒன்றைக் கொண்டு மின்பொறியின் நடப்பை அளந்து காட்டினார். தாம் அறிந்ததைப் பிறரும் அறிய நூல் எழுதினார். தொழிற்கூடத்துக்குச் செல்லவிருக்கும் மாணவர்க்கு எத்தகைய கணிதம் வேண்டும் என்று சிந்தித்துக் கற்பித்தார். சார்லஸ் புரோட்டியஸ் ஸ்டெயின்மெட்ஸ் என்னும் அவ்வறிஞரின் வாழ்வை அறிவோம்.

நம் வீட்டில் எரியும் விளக்கில் பாயும் மின்னோட்டம் ஒரே திசையில் ஓடுவதன்று. அது நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைந்துகொண்டிருக்கிறது. இதனை மாறுதிசை மின்னோட்டம் என்பர். தொலைவிலுள்ள மின்நிலையத்திலிருந்து ஊர்தோறும் மின்சாரத்தைக் கொண்டுசெல்ல இம்முறை பெரிதும் ஏற்றது. மின்மாற்றியைக் கொண்டு அழுத்தத்தை உயர்த்தவும் தாழ்த்தவும் இதில் எளிதாக இயலும். ஆனால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இதனைக் கையாண்ட பொறியாளர்கள் ஒரு பெரும் இடரை எதிர்கொண்டனர். பொறியைச் செய்ய அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதன் நடப்பை முன்கூட்டியே கணக்கிடுவதோ அரிதாக இருந்தது. ஓயாது மாறிக்கொண்டேயிருக்கும் ஒன்றை எந்த எண்ணால் குறிப்பது? இவ்வினாவுக்கு விடை கண்டவர்களுள் முதன்மையானவர் ஸ்டெயின்மெட்ஸ்.

பிறப்பும் இளமையும்

ஸ்டெயின்மெட்ஸ் 1865ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் பிரெஸ்லவு நகரில் பிறந்தார். அந்நகர் அன்று பிரஷ்ய நாட்டைச் சேர்ந்திருந்தது. இன்று விராட்ஸ்வாஃப் என்னும் பெயருடன் போலந்து நாட்டில் உள்ளது. பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் கார்ல் ஆகஸ்ட் ருடால்ஃப். தந்தையார் இரயில்வேத் துறையில் கல்லச்சுப் பணி புரிந்தவர். தாயார் மகனின் குழந்தைப் பருவத்திலேயே மறைந்தார். பாட்டியின் அரவணைப்பில் அவர் வளர்ந்தார்.

தந்தைக்கும் பாட்டனாருக்கும் இருந்த முதுகுக் கூனல் அவருக்கும் பிறவியிலேயே வாய்த்தது. இடுப்பு எலும்பிலும் குறை இருந்தது. வளர்ந்த பின்னும் அவர் உயரம் ஏறத்தாழ நான்கு அடியே. ஓடி விளையாட இயலாத அச்சிறுவனுக்குப் புத்தகமும் கணக்கும் துணையாயின. பிரெஸ்லவு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து கணிதம், இயற்பியல் முதலானவற்றை ஆழ்ந்து பயின்றார். அங்கே கணித மாணவர் கழகத்தில் உறுப்பினரானார். அத்தோழர்கள் அவருக்குப் புரோட்டியஸ் என்னும் செல்லப்பெயரைச் சூட்டினர். கிரேக்கப் பழங்கதையில் வரும் புரோட்டியஸ், நினைத்த வடிவமெல்லாம் எடுக்கவல்ல கடல் தெய்வம், எதையும் அறிந்தவன். பல துறைகளிலும் புகுந்து விளையாடிய இளைஞருக்கு அப்பெயர் பொருந்தியே இருந்தது.

பல்கலைக்கழக நாள்களில் அவர் சமதர்மக் கொள்கையில் பற்றுக் கொண்டார். பிஸ்மார்க்கின் ஆட்சியில் அக்கொள்கையினரை ஒடுக்கும் சட்டங்கள் நடைமுறையில் இருந்த காலம் அது. சமதர்ம இதழொன்றில் பணியாற்றிய அவர்மீது காவல்துறையின் பார்வை விழுந்தது. கணித முனைவர் பட்டத்துக்குரிய ஆய்வேடு நிறைவுற்றிருந்தது. பட்டம் பெறுவது மட்டுமே எஞ்சியிருந்தது. எனினும், கைதாவதைத் தவிர்க்க 1888ஆம் ஆண்டு பிறந்த ஊரையும் தந்தையையும் பட்டத்தையும் ஒருசேரத் துறந்து சுவிட்சர்லாந்து நாட்டுக்குத் தப்பிச் சென்றார். சூரிச் நகரின் தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் பயின்றார். தூய கணிதம் பயின்ற ஒருவர் இயந்திரத்தின் அருகே வந்து நின்றது அங்கேதான். பின்னாளில் அவர் செய்த பணிகளுக்கெல்லாம் வித்து இச்சேர்க்கையே எனலாம்.

துறைமுகத்தில் ஒரு சோதனை

1889ஆம் ஆண்டு ஸ்டெயின்மெட்ஸ் தம் நண்பர் ஆஸ்முசனுடன் கப்பலேறி நியூயார்க் துறைமுகத்தை அடைந்தார். கையில் பொருள் இல்லை, ஆங்கிலம் சரிவரப் பேச வரவில்லை, உடலோ குறையுடையது. குடியேற வருபவர்களை ஆய்ந்த அலுவலர்கள் அவரைத் திருப்பி அனுப்ப முற்பட்டனர். உழைத்துப் பிழைக்க இயலாதவர், நாட்டுக்குச் சுமையாவார் என்பது அவர்கள் எண்ணம். ஆஸ்முசன் குறுக்கிட்டு, இவர் பெரும் கணித அறிஞர் என்று எடுத்துரைத்து, அவருக்குத் தாம் பொறுப்பு என்று உறுதியளித்தார். அதன்பின்னரே அவருக்கு உள்ளே செல்ல இசைவு கிடைத்தது. பின்னாளில் அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோது, கார்ல் என்பதைச் சார்லஸ் என மாற்றிக்கொண்டார். இடைப்பெயராகத் தோழர்கள் சூட்டிய புரோட்டியஸ் என்பதையே வைத்துக்கொண்டார்.

நியூயார்க்கை அடுத்த யாங்கர்ஸ் நகரில் ருடால்ஃப் ஐக்மேயர் என்பவர் பணிமனை ஒன்றை நடத்திவந்தார். அவரும் ஜெர்மானிய மண்ணிலிருந்து வந்தவர். அப்பணிமனையில் வரைவாளராக ஸ்டெயின்மெட்ஸ் தம் தொழில் வாழ்வைத் தொடங்கினார். மின்பொறிகளின் வரைபடங்களைத் தீட்டிய கை, வெகுவிரைவில் அப்பொறிகளின் உள்ளே நிகழ்வதைக் கணக்கிடத் தொடங்கியது.

இரும்பின் கணக்கு

மின்மாற்றி, மின்னோடி ஆகியவற்றின் நடுவே இரும்பு உள்ளகம் இருக்கும். மாறுதிசை மின்னோட்டம் பாயும்போது அவ்விரும்பு ஒரு திசையிலும் அடுத்து எதிர்த்திசையிலும் மாறிமாறிக் காந்தமாகும். ஒவ்வொரு முறை திசை மாறும்போதும் இரும்பு சற்றே தயங்கும். அத்தயக்கத்தால் ஆற்றலின் ஒரு பகுதி வெப்பமாக வீணாகும். இதற்குக் காந்தத் தயக்கம் என்று பெயர். இவ்விழப்பு எவ்வளவு என்பதை முன்கூட்டியே அறியும் வழி அன்று இல்லை. பொறியை முதலில் செய்வர். பின்பு இயக்கிப் பார்ப்பர். மிகுதியாகச் சூடேறினால் பிரித்து மீண்டும் செய்வர். பொருளும் காலமும் உழைப்பும் இவ்வாறு வீணாயின.

ஸ்காட்லாந்து அறிஞர் யூயிங் வெளியிட்டிருந்த அளவீடுகளை ஸ்டெயின்மெட்ஸ் ஆராய்ந்தார். சிதறிக் கிடப்பனபோல் தோன்றிய எண்களுக்கிடையே ஓர் ஒழுங்கு இருப்பதைக் கண்டார். பின்பு தாமே பல்வகை இரும்புகளைச் சோதித்து அவ்வொழுங்கை உறுதிசெய்தார். ஒரு சுழற்சியில் ஏற்படும் ஆற்றல் இழப்பு, காந்தப்பாய அடர்த்தியின் உச்ச அளவினுடைய 1.6ஆம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் அமையும் என்பதே அவர் கண்ட விதி. 1892ஆம் ஆண்டு அமெரிக்க மின்பொறியாளர் கழகத்தில் இதனை விரிவாக அளித்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு.

இவ்விதியின் பயனை ஒரு சிறு கணக்கால் அறியலாம். காந்தப்பாய அடர்த்தியை இரு மடங்காக்கினால் இழப்பும் இரு மடங்காகும் என்று எண்ணத் தோன்றும். ஆனால், இரண்டின் 1.6ஆம் அடுக்கு ஏறத்தாழ 3.03 ஆகும். எனவே, இழப்பு மூன்று மடங்குக்கும் சற்றே மிகும். இதனை அறிந்த பொறியாளர், இரும்பை எவ்வளவு தடிப்பாக வைப்பது, எவ்வளவு வெப்பம் எழும் என்பவற்றைத் தாளிலேயே முடிவுசெய்யலாம். செய்து பார்த்து அறிந்த நிலை மாறி, கணக்கிட்டுச் செய்யும் நிலை பிறந்தது. இன்று பொருளுக்கேற்ப அடுக்கெண் வேறுபடும் என்பது தெரிந்திருந்தபோதிலும், அவ்வடிவம் ஸ்டெயின்மெட்ஸ் சமன்பாடு என்னும் பெயராலேயே வழங்கிவருகிறது.

கற்பனை எண்ணின் உண்மைப் பயன்

அவர் செய்த இரண்டாவது பணி இதனினும் பெரிது. நேர்திசை மின்னோட்டத்தில் அழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம் கிடைத்துவிடும். மாறுதிசை மின்னோட்டத்திலோ கம்பிச்சுருள், மின்தேக்கி ஆகியவை மின்னோட்டத்தை அழுத்தத்துக்குப் பின்தங்கவோ முந்தவோ செய்கின்றன. ஆகவே, அளவோடு காலமும் கணக்கில் சேர்கிறது. இதனைத் தீர்க்க வகைக்கெழுச் சமன்பாடுகளையோ, நுணுக்கமான வடிவியல் வரைபடங்களையோ நாடவேண்டியிருந்தது. எளிய சுற்றுக்கே பக்கம் பக்கமாகக் கணக்கு நீளும்.

1893ஆம் ஆண்டு சிகாகோ நகரில் பன்னாட்டு மின்னியல் மாநாடு கூடியது. அங்கே ஸ்டெயின்மெட்ஸ், கலப்பெண்களைக் கொண்டு மாறுதிசைச் சுற்றுகளைக் கணக்கிடும் முறையை முன்வைத்தார். அதே ஆண்டில் ஆர்தர் கென்னலி என்னும் அறிஞரும் இவ்வழியில் சிந்தித்து ஒரு கட்டுரை அளித்திருந்தார். எனினும், இம்முறையை முழுமையாக வளர்த்து, பொறியாளர் அனைவர்க்கும் உரிய கருவியாக்கியவர் ஸ்டெயின்மெட்ஸே.

அம்முறையின் உள்ளுறை எளிது. ஓர் எண்ணை −1ஆல் பெருக்கினால் அதன் திசை நேரெதிராகிறது. அதாவது 180 பாகை திரும்புகிறது. இருமுறை செய்தால் அத்திருப்பத்தை அளிக்கும் ஒரு செயலை எண்ணிப் பார்த்தால், அது ஒவ்வொரு முறையும் 90 பாகை திருப்பவேண்டும். −1இன் வர்க்கமூலம் என்பது அத்தகைய கால்சுற்றுத் திருப்பமே. மின்பொறியாளர்கள் அதனை j என்னும் எழுத்தால் குறிப்பர். கம்பிச்சுருள் மின்னோட்டத்தைக் கால்சுற்று பின்தங்கச் செய்வதால், அவ்விளைவைக் குறிக்க j மிகப் பொருத்தமாக அமைகிறது.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். ஒரு கம்பிச்சுருளின் மின்தடை 3 ஓம். மின்மறுப்பு 4 ஓம் என்க. இரண்டையும் கூட்டி 7 என்பது பிழை. அதனை 3 + 4j என எழுதவேண்டும். இதன் மட்டு மதிப்பு 5 ஆகும். 100 வோல்ட் அழுத்தம் தந்தால், 100ஐ 3 + 4j ஆல் வகுக்க, 12 − 16j கிடைக்கும். இதன் மட்டு மதிப்பு 20. எனவே, மின்னோட்டம் 20 ஆம்பியர். இதில் மெய்ப்பகுதியான 12 ஆம்பியரே ஆற்றலை அளிக்கும் பகுதி. 100ஐ 12ஆல் பெருக்க 1200 வாட் என்னும் திறன் கிடைக்கிறது. கற்பனைப் பகுதியின் எதிர்க்குறி, மின்னோட்டம் பின்தங்குவதைக் காட்டுகிறது. நான்கு வரியில் முடியும் இக்கணக்கில் வகைக்கெழுவுக்கு இடமில்லை. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகிய நான்கும் போதும்.

பெயரளவில் கற்பனையான எண், மின்கம்பியில் ஓடும் உண்மையான மின்னோட்டத்தை அளந்து காட்டியது. கணிதத்தில் பயனற்றது என ஒன்றும் இல்லை. பயனை இன்னும் காணாதவையே உண்டு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

அறிந்தவர் சிலர், அறிய வேண்டியவர் பலர்

புதிய முறை கண்டதோடு பணி முடிந்துவிடவில்லை. அக்காலப் பொறியாளர் பலர் கலப்பெண்களைப் பயன்படுத்திப் பழகாதவர்கள். தாம் எழுதியதைப் படிக்கவேண்டியவர்களே படித்துணர இயலாத நிலையில், கண்டுபிடிப்பு ஏட்டளவில் நின்றுவிடும் என்பதை ஸ்டெயின்மெட்ஸ் உணர்ந்தார். அறிவு பரவாதிருக்கும்போது குறையைப் படிப்பவர்மீது சுமத்துவது எளிது. அவரோ, கற்பிக்கும் பொறுப்பைத் தம்மீது ஏற்றுக்கொண்டார்.

ஐக்மேயரின் நிறுவனம் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் உடைமையானபோது, ஸ்டெயின்மெட்ஸும் அந்நிறுவனத்தில் சேர்ந்தார். 1893ஆம் ஆண்டு லின் நகருக்கும், அடுத்த ஆண்டில் நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடி நகருக்கும் மாறினார். இறுதிவரை அந்நகரே அவர் இருப்பிடமாயிற்று. அங்கே பொறியாளர்களுக்கு எழும் கணக்கு இடர்களைத் தீர்த்துவைத்தார். 1897ஆம் ஆண்டு, எர்னஸ்ட் பெர்க் என்பவரின் துணையுடன், மாறுதிசை மின்னோட்ட நிகழ்வுகளின் கோட்பாடும் கணக்கீடும் பற்றிய பெருநூலை வெளியிட்டார். அந்நூல் ஒரு தலைமுறைப் பொறியாளர்களுக்கு வழிகாட்டியாயிற்று. 1901ஆம் ஆண்டு அமெரிக்க மின்பொறியாளர் கழகத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். துறைமுகத்தில் சுமையெனக் கருதப்பட்டவர், பன்னிரண்டே ஆண்டுகளில் அந்நாட்டு மின்பொறியாளர்களின் தலைவரானார்.

தெரிந்து தெளிவோம்

ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் 1900ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதனை அமைக்க வலியுறுத்தியவர்களுள் ஸ்டெயின்மெட்ஸும் ஒருவர். அவ்வாய்வுக்கூடம் முதன்முதலில் இயங்கியது, அவர் வீட்டின் பின்புறமிருந்த கொட்டிலில் ஆகும்.

வகுப்பறையில் ஸ்டெயின்மெட்ஸ்

ஸ்கெனெக்டடி நகரிலுள்ள யூனியன் கல்லூரி 1902ஆம் ஆண்டு அவரை மின்பொறியியல் துறையின் தலைமைப் பேராசிரியராக்கியது. 1913ஆம் ஆண்டுவரை அப்பொறுப்பை வகித்தார். அதன்பின்னும் வாழ்நாள் முழுதும் கல்லூரியோடு தொடர்பு கொண்டிருந்தார். தொழிற்கூடத்திலும் கல்லூரியிலும் ஒருங்கே பணியாற்றிய அவருக்கு, இரண்டிற்கும் இடையிலான இடைவெளி தெளிவாகத் தெரிந்தது.

கல்லூரியில் மாணவர் கணிதத்தைத் தேர்வுக்குரிய பாடமாகக் கற்கின்றனர். அங்கே தரப்படும் கணக்குக்குச் சரியான விடை ஒன்று உண்டு. வேண்டிய அளவுகள் யாவும் வினாவிலேயே தரப்பட்டிருக்கும். பணியிடத்திலோ கணக்கு அவ்வாறு வருவதில்லை. சில அளவுகள் தெரியா. சில அளவுகள் தோராயமானவை. எதை விடுவது, எதைக் கொள்வது என்று பொறியாளரே முடிவுசெய்யவேண்டும். விடை பிழையானால் மதிப்பெண் குறைவதோடு நில்லாது. பொறி எரியும், பொருள் அழியும், உயிருக்கும் இடர் நேரும்.

இவ்விடைவெளியை நிரப்ப அவர் யூனியன் கல்லூரியில் ஆற்றிய சொற்பொழிவுகள் பொறியியல் கணிதம் என்னும் பெயரில் 1911ஆம் ஆண்டு நூலாயின. கல்லூரிக் கணிதத்தில் போதிய இடம்பெறாத, ஆனால் பொறியாளர் நாள்தோறும் கையாளவேண்டிய பகுதிகளை அந்நூல் எடுத்துக்கொண்டது. எண்ணின் பொதுவியல்பு, அடுக்குத் தொடர்கள், முக்கோணவியல் தொடர்கள், பெருமமும் சிறுமமும், தோராய முறைகள், சோதனைவழி வளைவரைகள், எண்கணிப்பு என அதன் இயல்கள் அமைந்தன.

முதலியல் எண்ணுதலிலிருந்தே தொடங்குகிறது. எண்ணுதலிலிருந்து கூட்டல் பிறக்கிறது. அதன் மறுதலையான கழித்தல், குறை எண்களுக்கு இடமளிக்கிறது. பெருக்கலின் மறுதலையான வகுத்தல், பின்னங்களைத் தருகிறது. அடுக்கேற்றத்தின் மறுதலையான மூலங்காணல், கற்பனை எண்களுக்கு இட்டுச் செல்கிறது. இவ்வாறு படிப்படியாக ஏறிவரும் மாணவனுக்குக் கலப்பெண் அச்சுறுத்தும் விந்தையாகத் தோன்றாது. தான் முன்பே ஏறிய படிகளுக்கு அடுத்த படியாகவே தோன்றும்.

தோராயம் என்பது பிழையன்று என்பதை மற்றோர் இயல் கற்பிக்கிறது. சிறியதொரு அளவின் வர்க்கம் மிகச் சிறியது, அதனை விட்டுவிடலாம். சான்றாக, ஒரு மின்னடுப்புக்கு வரும் அழுத்தம் 3 விழுக்காடு குறைந்தால் அதன் வெப்பத்திறன் எவ்வளவு குறையும்? தடை மாறாதிருக்கையில், திறன் அழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே, 3ஐ இரட்டித்து 6 விழுக்காடு என்று மனக்கணக்காகவே கூறலாம். நுணுக்கமாகக் கணக்கிட்டால் 5.91 விழுக்காடு வரும். பணியிடத்தில் இவ்வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதன்று. எதனை விடலாம் என்று அறிவதும் கணித அறிவே.

சோதனையில் கிடைத்த எண்களிலிருந்து விதியைக் கண்டறியும் முறை வேறோர் இயலில் வருகிறது. அளவுகளின் மடக்கைகளை வரைபடத்தில் குறித்துப் பார்த்து, அவை நேர்கோட்டில் அமைந்தால் அங்கே அடுக்குவிதி ஒன்று உண்டு எனலாம். கோட்டின் சாய்வே அடுக்கெண்ணைக் காட்டும். காந்தத் தயக்கத்தில் 1.6 என்னும் எண்ணைக் கண்டவர், அத்தகைய விதிகளைக் காணும் வழியை மாணவர்க்கும் திறந்துவைத்தார்.

இறுதி இயல் எண்கணிப்பைப் பற்றியது. கணிதப் பேரறிஞர் ஒருவர் கூட்டல் பெருக்கலைப் பற்றி ஓர் இயல் எழுதவேண்டுமா என்று தோன்றலாம். ஆனால், பணியிடத்தில் கணக்கின் மதிப்பு அதன் நம்பகத்தன்மையில்தான் உள்ளது என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். கணக்கைத் தொடங்குமுன்னரே எவ்வளவு நுணுக்கம் தேவை என்று முடிவுசெய்யவேண்டும். சிலவற்றில் விளைவு பெரிதா சிறிதா என்று அறிந்தாலே போதும். சிலவற்றில் ஓரிரு விழுக்காட்டுக்குள் அறியவேண்டும். சிலவற்றில் இன்னும் நுட்பம் வேண்டும். தேவைக்கு மேற்பட்ட தசம இடங்களை எழுதுவது உழைப்பை வீணாக்குவதோடு, இல்லாத துல்லியத்தை இருப்பதாகவும் காட்டும். கணக்கை ஒழுங்காக அட்டவணைப்படுத்துதல் வேண்டும்; வந்த விடையை வேறு வழியில் சரிபார்த்தல் வேண்டும். ஒரு தசமப்புள்ளி இடம் மாறினால் விடை பத்து மடங்கு மாறிவிடும். அத்தகைய பிழையை, இவ்விடை நடைமுறைக்கு ஒக்குமா என்று ஒரு நொடி எண்ணிப் பார்ப்பவர் கண்டுகொள்வார்; எண்களை மட்டும் பார்ப்பவர் காணார்.

மின்னலை ஆராய்தல்

நெடுந்தொலைவு செல்லும் மின்கம்பிகளுக்கு மின்னல் பெரும் பகையாக இருந்தது. மொகாக் ஆற்றுப் பகுதியில் ஸ்டெயின்மெட்ஸுக்கு ஒரு சிறு குடில் இருந்தது. ஓய்வு நாள்களில் ஓடத்தில் அமர்ந்து, குறுக்கே பலகையை இட்டு, நீரில் மிதந்தவாறே கணக்குப் போடுவது அவர் வழக்கம். 1920ஆம் ஆண்டு அக்குடிலை மின்னல் தாக்கியது. சுவரிலிருந்த கண்ணாடி சிதறியது. அவர் அச்சில்லுகளைப் பொறுக்கி ஒன்றோடொன்று பொருத்தி, மின்னல் சென்ற தடத்தை ஆராய்ந்தார்.

1922ஆம் ஆண்டு ஆய்வுக்கூடத்திலேயே செயற்கை மின்னலை உண்டாக்கும் கருவியை அமைத்துக் காட்டினார். அதன் அழுத்தம் 120000 வோல்ட். அம்மின்னல் மரத்துண்டுகளை நொடியில் பிளந்தது. மின்னலிலிருந்து கம்பிகளைக் காக்கும் தடுப்பிகளை, வானத்து மின்னலுக்காகக் காத்திராமல் ஆய்வுக்கூடத்திலேயே சோதித்தறிய இதனால் வழி பிறந்தது. நொடிப்பொழுதில் தோன்றி மறையும் மின் நிகழ்வுகளைப் பற்றி 1909ஆம் ஆண்டிலேயே அவர் தனிநூல் எழுதியிருந்தார். தாளில் செய்த கணக்கும் கூடத்தில் செய்த சோதனையும் அவரிடத்தில் என்றும் இணைந்தே நடந்தன.

இல்லமும் ஊரும்

தம் உடற்குறை தம் மக்களுக்கும் தொடரலாம் என அஞ்சி ஸ்டெயின்மெட்ஸ் மணம் செய்துகொள்ளவில்லை. தம் ஆய்வுக்கூடத்தில் துணைபுரிந்த ஜோசப் ஹேடன் என்னும் இளைஞரை மகனாக ஏற்றுக்கொண்டார். ஹேடனின் குடும்பம் அவருடைய இல்லத்திலேயே வாழ்ந்தது. அவர்தம் மூன்று குழந்தைகளுக்கும் அன்புத் தாத்தாவாக விளங்கினார். கள்ளிச்செடிகளையும் ஆர்க்கிட் மலர்களையும் வளர்ப்பது அவருக்கு விருப்பமான பொழுதுபோக்கு.

இளமையில் கொண்ட கொள்கையை அவர் கைவிடவில்லை. 1911ஆம் ஆண்டு ஸ்கெனெக்டடி நகர மக்கள் சமதர்மக் கட்சியைச் சேர்ந்த ஜார்ஜ் லன் என்பவரை நகரத் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். அவரது ஆட்சியில் நகரின் கல்வி வாரியத் தலைவர் பொறுப்பை ஸ்டெயின்மெட்ஸ் ஏற்றார். பெரும் நிறுவனமொன்றின் முதன்மை அறிஞராயிருந்தும், உழைக்கும் மக்களின் பிள்ளைகள் பயிலும் பள்ளிகளுக்காகக் காலத்தைச் செலவிட்டார். அறிவு சிலருக்கு மட்டும் உரியதாதல் கூடாது என்னும் எண்ணம், அவருடைய கணித நூல்களிலும் கல்விப் பணியிலும் ஒன்றுபோலவே விளங்குகிறது.

நிறைவு

1923ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் ஸ்டெயின்மெட்ஸ் தம் ஐம்பத்தெட்டாம் அகவையில் இல்லத்தில் இயற்கை எய்தினார். இருநூறு வரையிலான காப்புரிமைகள் அவர் பெயரில் இருந்தன. ஆயினும், அவர் விட்டுச்சென்ற பெருஞ்செல்வம் அக்காப்புரிமைகளன்று. அவற்றின் காலம் என்றோ முடிந்துவிட்டது. அவர் கற்பித்த கணக்கீட்டு முறையோ உலகெங்கும் பொறியியல் வகுப்பறைகளில் இன்றும் நடைபெறுகிறது. மாறுதிசைச் சுற்றின் கணக்கை j என்னும் எழுத்தோடு தொடங்கும் ஒவ்வொரு மாணவரும் அவர் அமைத்த பாதையிலேயே நடக்கின்றனர்.

இன்று கடினமான கணக்குகளைக் கணினி நொடியில் செய்து தருகிறது. ஆனால், எந்தக் கணக்கைச் செய்யவேண்டும் என்பதைக் கணிப்பவர் மனிதரே. வந்த விடை நம்பத்தக்கதா என்று தெளியவேண்டியவரும் மனிதரே. இவ்விரண்டுக்கும் உரிய அறிவையே ஸ்டெயின்மெட்ஸ் தம் மாணவர்க்கு ஊட்ட முயன்றார். உடலின் உயரத்தைக் கண்டு ஒருவரை அளந்த துறைமுக அலுவலர்களின் கணக்கு பிழையாயிற்று. எண்ணும் எழுத்தும் கண்ணெனத் தகும் என்பது தமிழர் கொள்கை. அவ்வெண்ணைக் கண்ணாகக் கொண்டு, பார்க்க இயலாத மின்னோட்டத்தின் போக்கைப் பார்த்தவர். பிறரையும் பார்க்கச் செய்தவர் ஸ்டெயின்மெட்ஸ். நாம் பயிலும் கணக்கின் பயன் இன்று நமக்குத் தெரியாதிருக்கலாம். பயன் காணும் பொறுப்பு நமக்கும் உண்டு என்பதையே அவர் வாழ்வு உணர்த்துகிறது.